எழுத்து உடைந்தால் எழுதுங்கள்

போன இதழில் ‘டிசைன் மென்பொருளால் பட்ட பாட்டை எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், தபால் பை நிறைந்துவிட்டது. ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் என்று எல்லாத் திசையிலிருந்தும் வசவு. நல்லவேளை, எனக்கல்ல, மென்பொருளுக்கு. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை வினைல் என்று பிழைக்கிற நாம் ஒரே பக்கத்தில் தமிழையும் பர்மியத்தையும் கோக்கிறோம். தலைவலியும் இரண்டு பங்கு. இடம் இருக்கிற மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிழை கண்டால் மென்பொருள் செய்தவர்களுக்கே எழுதுங்கள் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். நானும் எழுதினேன், ‘தமிழ் எழுத்து உடைகிறது, உடனே சரிசெய்யவும்’ என்று. 5 மாதமாகப் பதில் இல்லை. எழுதி என்ன பிரயோசனம்?
– வினைல் கடைத் தம்பி, ரங்கூன்

பதில்: தம்பி, இதே வரியை நானும் ஒருகாலத்தில் எழுதியவன்தான். கதையைக் கேளுங்கள்.

ஒரு கல்யாணப் பத்திரிகை. மணப்பெண்ணின் பெயர் ‘கோ’ என்று தொடங்கும். பெயர் கொஞ்சம் அகலமாக நிற்கட்டும் என்று எழுத்து இடைவெளியைக் கூட்டினேன். திரையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. 500 பத்திரிகை அச்சாகி, மடித்து, கட்டுக் கட்டிய பிறகு பெண்ணின் தாய்மாமன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக் கேட்டார்: “அண்ணே, இதென்ன, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நடுவில் க அநாதையாக நிற்குது?” ஆமாம். இரட்டைக்கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனியே நின்றன. மென்பொருள் அதை ஒரே எழுத்தாகப் பார்க்காமல் மூன்று துண்டாகப் பார்த்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருந்தது. காகிதக் காசு என் தலையில்.

அன்று ராத்திரி கோபத்தோடு எழுதினேன். “உங்கள் மென்பொருளில் தமிழ் சரியில்லை.” மறுவாரம் பதில் வந்தது: எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, கோப்பை அனுப்ப முடியுமா? ‘தமிழ் சரியில்லை என்கிறேன், இவன் என்னைக் கேள்வி கேட்கிறானே’ என்று விட்டுவிட்டேன். அதே பிழை அடுத்த வருஷமும் இருந்தது. இருக்காதா பின்னே?

இரண்டாவது தடவை நிதானமாக உட்கார்ந்தேன். புதுக் கோப்பு ஒன்று திறந்து ‘கோ’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் அடித்தேன். இடைவெளி 0 வைத்து ஒரு படம், 20 வைத்து ஒரு படம். மென்பொருளின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, எழுத்துருவின் பெயர். என்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது – மூன்றே வரி. மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: “நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவிலும் இப்படித்தானா?” போட்டுப் பார்த்தேன். அங்கேதான் வெட்கமாகிப் போயிற்று. என் பழைய எழுத்துருவில் இடைவெளி 0-விலேயே கொம்பு லேசாக விலகியிருந்தது. நோட்டோவில் அப்படி இல்லை. ஆனால் இடைவெளியைக் கூட்டினால் இரண்டிலும் உடைந்தது. அதாவது என் புகாரில் பாதி எழுத்துரு செய்தவரின் தப்பு, பாதிதான் மென்பொருளின் தப்பு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தேன். பிரித்துக் கொடுத்த பிறகு, அடுத்த பதிப்பில் சரியாகவில்லை, அதற்கடுத்ததில் சரியானது.

ஆகவே தம்பி, ‘உடைகிறது’ என்று எழுதாதீர்கள். எந்த எழுத்து, எங்கே, என்ன செய்தபோது என்று எழுதுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பிழை. எழுதுவதற்கு முன்னால் அதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று அந்த மென்பொருளின் பிழைப் பதிவுப் பக்கத்தில் தேடுங்கள். சொல்லியிருந்தால் அதன் அடியிலேயே உங்கள் படத்தையும் சேருங்கள். புதிதாக ஒன்று திறந்தால் ‘இது முன்பே வந்தது’ என்று மூடிவிடுவார்கள், அதற்கும் நாம்தான் கோபப்படுவோம். ‘உடனே சரிசெய்யவும்’ வேண்டாம். படம் வரையும் இன்க்ஸ்கேப், பக்கம் கோக்கும் ஸ்கிரைபஸ் போன்ற இலவச மென்பொருள்களை உருவாக்குகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறவர்கள். நம்ம தாய்மாமன் தொனி அங்கே எடுபடாது.

கேள்வி: இன்க்ஸ்கேப்பில் செய்த கோயில் நோட்டீஸில் கறுப்பு எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக நிழல் விழுகிறது. அச்சகத்தார் ‘உன் ஃபைல் சரியில்லை’ என்கிறார், நான் மெஷின் சரியில்லை என்கிறேன். யார் சொல்வது சரி?
– பெகு வாசகர்

பதில்: அவர் சொல்வதுதான் சரி என்று எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்க்ஸ்கேப் ஆர்ஜிபி-யில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில், வேலை செய்கிறது. ஆஃப்செட் மெஷினுக்கு வேண்டியது சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. நீங்கள் கொடுத்த ஆர்ஜிபி கறுப்பை மாற்றும்போது அது நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடுகிறது. நாலு தகடும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் எழுத்து எழுத்தாக இருக்கும். பெரிய தலைப்பில் தெரியாது. 9 பாயிண்டில் ‘ஞ’வும் ‘ணை’யும் அடித்துப் பாருங்கள், சுழிக்குள் எல்லாம் சாயம் நிரம்பிவிடும். நம் எழுத்தில் சுழி அதிகம், அடி நமக்குத்தான் பலம்.

இதைப் பக் என்று எழுதாதீர்கள். கணினித் தமிழில் வழு என்பார்கள், எதுவானாலும் இது அதில்லை. இல்லாத வசதி. இருக்கிற ஒன்று கெட்டுப்போனால் பிழை; இல்லாததைக் கேட்டால் விண்ணப்பம். விண்ணப்பத்தில் ‘சிஎம்ஒய்கே வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. ‘ஒற்றை மையில் சிறிய எழுத்து அச்சடிக்கிறோம், நாலு மையாக மாறுவதால் இப்படி வருகிறது’ என்று அச்சான தாளையே படமெடுத்துப் போடுங்கள். படிக்கிறவருக்கு நம் தொழில் புரியும்.

அதுவரைக்கும் வழி: ஓவியம், கோலம், மயில் எல்லாம் இன்க்ஸ்கேப்பில் இருக்கட்டும். அதை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுபோய், எழுத்தை அங்கே அடியுங்கள். நிறப் பட்டியலில் சியான் 0, மெஜந்தா 0, மஞ்சள் 0, கறுப்பு 100 என்று ஒரு நிறம் வைத்து எழுத்துக்கு அதையே கொடுங்கள். ‘ஸ்கிரைபஸில் தமிழ் வராதே’ என்பவர்கள் பழைய 1.4-ஐப் பார்த்தவர்கள். 2017-இல் வந்த 1.5.3-இலிருந்து கொம்பும் காலும் ஒழுங்காக உட்காருகின்றன. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது.

கேள்வி: போட்டோஷாப்பில் ‘கெ’ அடித்தால் கொம்பு பின்னால் போய்விடுகிறது.
– மாண்டலே வாசகர்

பதில்: அமைப்புகளில் டைப் என்ற பகுதிக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கு என்று ஒரு தேர்வு இருக்கும். பிறகு வந்த சில பதிப்புகளில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்ற பெயர். அதைத் தேர்ந்து, மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். பழைய கோப்பில் பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் போனில் அனுப்பிய பர்மிய வாசகத்தை ஒட்டினால் குப்பையாக வருகிறது. நான் டைப் செய்தால் சரியாக வருகிறது. மென்பொருளுக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியுமா?
– தட்டோன் வாசகர்

பதில்: தெரியாது. உங்கள் வாடிக்கையாளர் இன்னும் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கிறார். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் முறைக்கு) மாறியது, போன்கள் எல்லாம் மாறவில்லை. ஸோஜி, யூனிகோடின் இடங்களிலேயே தன் இஷ்டத்துக்கு எழுத்தை அடுக்கிய எழுத்துரு. தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவின் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு; இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்துருவின் பொறுப்பு. பர்மியத்தின் தவேத்தோ நம் ஒற்றைக்கொம்புக்குச் சகோதரி, இதே கதைதான் அதற்கும். வந்த வாசகத்துக்கு பிதாங்சு என்ற யூனிகோடு எழுத்துருவைப் போடுங்கள். ஒழுங்காகப் படிக்க வந்தால் யூனிகோடு. தவேத்தோ புள்ளி வட்டத்தில் தொங்கினால் ஸோஜி. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். இதைப் பிழை என்று யாருக்கும் எழுத வேண்டாம்.

எழுத வேண்டியது வேறொன்று இருக்கிறது. பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை அல்லவா? சொல் எங்கே முடிகிறது என்று அகராதி வைத்துப் பார்க்கத் தெரியாத மென்பொருளில் வரி பெட்டியைத் தாண்டி ஓடும், அல்லது அசையின் நடுவில் ஒடியும். நான் சொல்லுக்கு நடுவே அகலமில்லாத இடைவெளியைக் கையால் போடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு லபே (தேநீர்) ஆறிப்போகும். இதற்கு விண்ணப்பம் போடுங்கள், எனக்கும் சொல்லுங்கள், அடியில் நானும் ஒன்று எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் எழுத வராது. பிழையை எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம் என்ற மோல்மேன் வாசகி

பதில்: அம்மா, நான் எழுதுகிற ஆங்கிலத்தைப் பார்த்தால் நீங்கள் தைரியம் கொள்வீர்கள். இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரியானதன் மேல் பச்சைச் சரி, தப்பின் மேல் சிவப்புப் பெருக்கல். சரியானது எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு ‘கொ’வும் ‘கெர’வும் ஒன்றுதான். அதைக் காட்ட நாம்தான் வேண்டும். மூன்று வரியை போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் உடைந்த எழுத்தைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். வெறும் எழுத்தாக ஒட்டினால் அவர் திரையில் அது சரியாகத் தெரிந்துவிடும், ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்பார். கோப்பையும் கூடவே இணையுங்கள். வாடிக்கையாளரின் முகவரி, போன் எண் இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். அங்கே போடுவதை ஊரே பார்க்கும்.

கேள்வி: கரண்ட் போய் 3 மணி நேர வேலை போயிற்று. எந்த மென்பொருள் நல்லது?
– ரங்கூன் வாசகர்

பதில்: யூபிஎஸ். அடுத்தது, இன்க்ஸ்கேப்பின் அமைப்புகளில் உள்ளீடு-வெளியீடு பகுதியில் தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, இடைவெளியை 3 நிமிஷம் ஆக்குங்கள். படம் திருத்தும் ஜிம்ப்பில் அப்படி ஒன்று இல்லை. 2.10-இலிருந்து மென்பொருள் தானே விழுந்தால் காப்பாற்றப் பார்க்கும். கரண்ட் போனால் அதுவும் கையை விரிக்கும். அங்கே இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் எஸ்ஸிலேயே இருக்கட்டும்.

கேள்வி: காளியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸில் ‘ஸ்ரீ’ 5 இடத்தில் வருகிறது. எல்லாவற்றையும் ‘அருள்மிகு’ என்று மாற்றச் சொன்னார்கள். தேடி மாற்றினால் 3-தான் மாறியது. மீதி 2 கண்ணுக்கு அதே மாதிரிதான் இருக்கிறது. இதாவது பக்தானே?
– இன்னொரு ரங்கூன் வாசகர்

பதில்: ஆசையாகக் கேட்கிறீர்கள், இல்லையென்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நோட்டீஸை இரண்டு பேர் டைப் செய்திருப்பார்கள். ஒருவர் விசைப்பலகை ஸ, புள்ளி, ரீ என்று போட்டது. இன்னொருவருடையது ஶ, புள்ளி, ரீ. இந்த ஶ 2005-இல் யூனிகோடு 4.1-இல் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் ஸ-வை வைத்துத்தான் எல்லோரும் ஓட்டினோம். எழுத்துரு இரண்டையும் ஒரே உருவமாக வரைந்துவிடும். தேடுகிற இயந்திரத்துக்கு உருவம் தெரியாது, எண்தான் தெரியும். மீதி இரண்டில் ஒன்றை நோட்டீஸிலிருந்தே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள், இரண்டும் மாட்டும். அப்புறம் அம்மன் பெயருக்கு முன்னால் ‘அருள்மிகு’ இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். போன வருஷம் எனக்கு வந்தது.