எஃப்.சி. காட்டப் போறீங்களா? லாரி, வேன், ஆட்டோ, சொந்தக் கார்: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் வாடகை வண்டி, சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. வண்டிகளை எஃப்.சி.க்குத் தயார்செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

புது லாரி எடுத்திருக்கேன். எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. காட்டணும்ங்க? (நாமக்கல்)

புது வண்டிக்கு முதல் சான்று 2 வருஷம். அதற்குப் பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, 8 தாண்டினால் வருஷா வருஷம். மத்திய மோட்டார் வாகன விதி 62 இதுதான். பழைய ஆட்கள் சிலர் இன்னும் "ரெண்டாவது எஃப்.சி.யிலிருந்தே வருஷா வருஷம்" என்பார்கள். அது 2018-ல் மாறிவிட்டது.

டாடா ஏஸ் வெச்சிருக்கேன். புரோக்கர் இல்லாம நானே காட்ட முடியுமா? என்னென்ன பேப்பர் வேணும்? (திருப்பூர்)

தாராளமாக முடியும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளையும் போட்டால் ஆர்.சி.யில் பதிந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். முதல் சிக்கல் இங்கேயே வந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளில் பாதிக்கு மேல் பழைய உரிமையாளரின் நம்பர்தான் இருக்கும். எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நம்பரை மாற்றிவையுங்கள்.

அடுத்தது நிலுவை. காலாண்டு வரி, பசுமை வரி, கட்டாத இ-சலான் எது பாக்கி இருந்தாலும் விண்ணப்பம் நடுவழியில் நின்றுவிடும். எல்லாம் முடித்து, கட்டணம் கட்டி, நாள் குறித்து, ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, வண்டிக்குத் தேவையென்றால் பெர்மிட், ரேடியம் ஸ்டிக்கர் சான்று, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள வண்டியானால் அதன் சான்று. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காட்டும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். "நாளைக்குப் போட்டுடுறேன்" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை முந்தின நாளே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நம்பர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. எழுத்து மழுங்கினால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும், அப்புறம் அது தனி அலைச்சல்.

பிரேக் அடிச்சா வண்டி லேசா இடது பக்கம் இழுக்குது. இடது பக்க லைனர் மாத்திட்டேன், இன்னும் சரியாகலை. எஃப்.சி. அடுத்த வாரம். (சங்ககிரி, 10 சக்கர லாரி)

வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கம். நீங்கள் நன்றாக வேலை செய்யும் பக்கத்தில் புது லைனர் போட்டு அதை இன்னும் பலப்படுத்தியிருக்கிறீர்கள். லைனரை ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. ஒரு ஆக்சில் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து, ஒரே கம்பெனி லைனர்.

இப்போது வலது முன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, டேங்கில் காற்றை முழுக்க ஏற்றிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து பிரேக் சேம்பரிலிருந்து வரும் ராடு எவ்வளவு வெளியே வருகிறது என்று சாக்பீஸால் குறித்து அளக்க வேண்டும். இடதும் வலதும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வலது பக்கம் ராடு அதிகம் வந்தால் ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் கை, தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் கேம் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சமமாக வந்தும் இழுக்கிறது என்றால் டிரம்மைக் கழற்றுங்கள். ஹப் ஆயில் சீல் ஒழுகி லைனரில் கிரீஸ் ஏறியிருக்கும், அல்லது லைனர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். கிரீஸ் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண்வேலை. சூடானதும் உள்ளே இருக்கும் கிரீஸ் மறுபடி கசியும். சீலையும் லைனரையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியதும் நேரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகாதீர்கள். புது லைனர் டிரம்மில் படிய இரண்டு மூன்று நாள் ஓட்டம் வேண்டும்.

மிதித்தபடியே பிடித்திருக்கும்போது காற்று முள் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சேம்பர் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது ஹோஸ் இணைப்பில் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

ஹேண்ட் பிரேக்குக்கு எளிய சோதனை: சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். வண்டி நகர்ந்தால் வேலை இருக்கிறது.

ஸ்டீயரிங் ஆட்டம்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. மெக்கானிக் கிங்பின் போகணும்ங்கிறார், இன்னொருத்தர் பேரிங்ங்கிறார். யாரை நம்புறது? (சேலம்)

யாரையும் நம்ப வேண்டாம், ஜாக்கியை நம்புங்கள். முன் ஆக்சிலைத் தூக்கி டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இப்போது ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பேரிங்கை டைட் வைத்தோ மாற்றியோ சரிசெய்துவிடலாம், செலவு குறைவு. மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி), அதன் புஷ். அப்படியென்றால் கிங்பின்னையும் புஷ்ஷையும் இரண்டு பக்கமும் மாற்றி ரீமர் போட வேண்டும், ஒருநாள் வேலை.

அடுத்து டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் வந்தால் டை ராடு எண்டைப் பாருங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிஷம் போதும். இதைச் செய்யாமலே கிங்பின் மாற்றிய வண்டிகள் ஏராளம்.

டயர் எவ்வளவு தேய்ந்திருந்தா பாஸ் பண்ணுவாங்க? (கரூர்)

பட்டன், அதாவது டயர் மேல் உள்ள வரி, அதன் ஆழம் நாலு சக்கர வண்டிக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 1.6 மி.மீ., இரண்டு மூன்று சக்கர வண்டிக்கு 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள்ளேயே அடையாள மேடு இருக்கும், பட்டன் அதோடு சமமானால் முடிந்தது. பக்கவாட்டில் நூல் தெரிந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆகாது. ஸ்டெப்னியையும் பார்ப்பார்கள்.

ரேடியம் ஸ்டிக்கர் கடையில மீட்டர் கணக்குல வாங்கி ஒட்டலாமா? (ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். ஏஐஎஸ்-090 தரக் குறியீடு ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்க வேண்டும், ஒட்டியவரின் சான்றும் வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. லாரிக்கு 50 மி.மீ. அகலம். ஒட்டும் முன் தகரத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தூசி மேல் ஒட்டினால் ஒரு மழைக்கே உரிந்து தொங்கும்.

இதோடு பின்பக்கத் தடுப்புக் கம்பியையும் பாருங்கள். கார் லாரிக்கு அடியில் புகாமல் தடுப்பது அதுதான். வெறும் வண்டியில் தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் உயரம் இருக்கக் கூடாது. மேடு பள்ளத்தில் இடிக்கிறது என்று சிலர் அதை மேலே தூக்கி வெல்டு வைத்துவிடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பக்கவாட்டுத் தடுப்பும் வளையாமல் இருக்க வேண்டும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எந்த அளவுக்கு வைக்கணும்? (தூத்துக்குடி)

லாரிக்கு 80 கி.மீ. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துக்கு 60. சான்றில் இருக்கும் கருவி எண்ணும் வண்டியில் மாட்டியிருக்கும் கருவியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். மூன்று சக்கர வண்டிக்கு இது கிடையாது.

டீசல் வண்டி. புகை சோதனையில 70-க்கு மேல காட்டுது. பம்பு வேலை பார்க்கணுமா? (விருதுநகர், பழைய வேன்)

டீசல் பம்பு கடைசி. பி.எஸ்.-4 என்ற புகைத் தரத்துக்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65, பி.எஸ்.-4க்கு 50 என்பது புகை அடர்த்தி வரம்பு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். டர்போ வண்டியானால் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். காற்று அங்கே வெளியேறினால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகைதான் வரும். மூன்றாவது இன்ஜெக்டர் நாசில். இவை எல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால்தான் பம்பு.

சோதனைக்குப் போகும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அணைக்காமல் போங்கள். குளிர்ந்த இன்ஜினில் நல்ல வண்டியும் தோற்கும். வெள்ளைப் புகை, நீலப் புகை வேறு கதை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

எல்.இ.டி. ஃபோக்கஸ் லைட், ஏர் ஹாரன், முன்னால கூடுதலா மாட்டின பம்பர் எல்லாம் கழட்டணுமா? (ஓசூர்)

மூன்றையும் கழற்றுங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் அதையும். 2012-ல் உச்ச நீதிமன்றமே தடை போட்டது. கழற்றி வைத்துப் பாஸ் ஆனபின் மாட்டுவது ஊர் வழக்கம் என்பது தெரிந்ததுதான். எதிரே வருபவன் கண் கூசி உங்கள் மேலேயே ஏறுவான் என்பதைத் தவிர அதில் லாபம் எதுவும் இல்லை.

ஹெட்லைட்டை வண்டி வெறுமையாக இருக்கும்போது சுவரில் அடித்துப் பாருங்கள். 8 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டால், அங்கே நிற்கும் ஆளுக்கு 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது.

அடியில எல்லாம் கறுப்பு பெயின்ட் அடிச்சு, கழுவி, கிரீஸ் வெச்சா போதும்னு டிரைவர் சொல்றார். (பள்ளிப் பேருந்து, மதுரை)

அந்தக் கறுப்பு பெயின்ட்தான் ஆபத்து. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்தில் தரை ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அதற்குச் சில நாள் முன்புதான் அந்தப் பேருந்து எஃப்.சி. வாங்கியிருந்தது. அந்த வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன.

ஆகவே பெயின்டுக்கு முன்னால் சுத்தியல். சீட்டுகளுக்கு அடியில் ரெக்சினைப் புரட்டி, தரைத் தகட்டையும் பலகையையும் அடி அடியாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. பொத் என்று ஒலித்தால் அடியில் அரித்திருக்கிறது. வெட்டிப் புதுத் தகடு வையுங்கள், மேலே ஒட்டுப் போடாதீர்கள். படிக்கட்டு, சக்கரத்துக்கு மேல் வளைவு, அவசர வழியின் கீழ்ப் பகுதி இந்த மூன்றிலும் துரு முதலில் பிடிக்கும். அவசரக் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரு முறையாவது திறந்துபாருங்கள். பெயின்ட் ஒட்டித் திறக்காத கதவுகள் நிறைய. தீயணைப்பானின் தேதி, முதலுதவிப் பெட்டி, ஜன்னல் கம்பி, முன்பின் கேமரா, பின் சென்சார் இவையும் பட்டியலில் உண்டு. எஃப்.சி. தனி, பள்ளி திறக்கும் முன் மே மாதம் நடக்கும் கூட்டு ஆய்வு தனி. ஒன்று முடிந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

ஆட்டோவுக்கு என்ன ஸ்பெஷலா பார்ப்பாங்க சார்? (சென்னை)

மீட்டர் முத்திரை. அது ஆர்.டி.ஓ. வேலை இல்லை, தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் வருஷா வருஷம் போடுவது. முதலில் அதை முடியுங்கள். கேஸ் வண்டியென்றால் டேங்கில் பொறித்திருக்கும் மறுசோதனைத் தேதி தாண்டியிருக்கக் கூடாது.

சொந்தக் கார், 15 வருஷம் முடியப்போகுது. இதுக்கும் எஃப்.சி.யா? (கோவை)

சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பித்தல். வண்டியை நேரில் காட்டித்தான் ஆக வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் கணக்கு, வாங்கிய நாளிலிருந்து இல்லை. படிவம் 25, முடிவதற்கு 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். பாஸ் ஆனால் 5 வருஷம். பசுமை வரியும் சேர்ந்து வரும். காரில் தோற்பது பெரும்பாலும் சைலன்சர் ஓட்டை, முன் கண்ணாடி விரிசல், எரியாத நம்பர் பிளேட் லைட் மாதிரி சில்லறை விஷயங்கள்தான்.

எஃப்.சி. முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, வண்டி ஷெட்டில் நிக்குது. இப்ப என்ன செய்றது? (தஞ்சாவூர்)

விதி 81-ல் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் இருக்கிறது. நாலு மாதம் என்றால் ஏறக்குறைய 6,000, வழக்கமான கட்டணத்துக்கு மேல். 15 வயது தாண்டிய வண்டிக்கு அடிப்படைக் கட்டணமே பல மடங்கு. அதனால் முதலில் தளத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, பழுதுக்குச் செலவு செய்வதா விற்பதா என்று முடிவெடுங்கள்.

அதுவரை ரோட்டில் எடுக்காதீர்கள். சட்டப் பிரிவு 56-ன்படி எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்படியும் தீர்ப்பாயம் சொல்லலாம்.

தானியங்கி சோதனை நிலையம் வந்தா பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிற மாதிரியே இருக்குமா? (பெருந்துறை)

இருக்காது. அங்கே சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக எண் வந்துவிடும். டெஸ்ட் டிரைவில் டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சமாளிக்கும் வித்தை செல்லாது. இடது வலது வித்தியாசம் அப்படியே அச்சாகும். சங்ககிரி கேள்விக்குச் சொன்ன ராடு அளவை ஒரு தாளில் நாலு மூலைக்கும் எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள். தோற்றால் எந்தச் சக்கரத்தைக் கழற்றுவது என்று அங்கேயே தெரிந்துவிடும். ரிப்போர்ட்டையும் வாங்காமல் வராதீர்கள்.