டிகிரி கிடக்கட்டும், ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறதா?

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தேன். ராணிப்பேட்டையில் ஒன்பது வருடமாக வெல்டர், படிப்பு ஐடிஐயோடு சரி, டிகிரி இல்லை. கனடாவில் வேலை கிடைக்குமா, இல்லை ஜெர்மனி நல்லதா, சம்பளம் என்ன, குளிர் தாங்குமா, குடும்பத்தை எப்போது கூட்டி வரலாம், சென்னையில் ஒரு ஏஜென்ட் "எல்எம்ஐஏ ரெடி" என்று 18 லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கொடுக்காதீர்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.

மற்றதில் பாதியை நான் தொடப்போவதில்லை. சம்பளம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்தில் வெல்டரின் எண் 72106, அதைப் போட்டுத் தேடினால் எந்த ஊரில் மணிக்கு எவ்வளவு என்று வந்துவிடும். குளிரைப் பற்றிக் கேட்காத ஆளே கிடையாது, குளிரால் திரும்பிப் போன ஆளை நான் பார்த்ததும் கிடையாது. ஜெர்மனியில் டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு (வேலை செய்து தங்கும் அனுமதி) என்று யாராவது சொன்னால், அது 2023 நவம்பரில் ஐடி ஆட்களுக்காக வந்த விதி, உங்கள் தொழிலுக்கு இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எல்எம்ஐஏ என்பது உங்கள் பெயரில் வரும் டிக்கெட் இல்லை. "உள்ளூரில் ஆள் தேடினேன், கிடைக்கவில்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று கம்பெனிக்காரன் அரசாங்கத்திடம் வாங்கும் அனுமதி. அதற்கு ஓர் ஆளுக்கு 1,000 டாலர் கட்டணம், அதையும் கம்பெனிதான் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை வேலைக்கு வருகிறவனிடம் வசூலிப்பது சட்டப்படி தப்பு. 1,000 டாலர் சமாச்சாரம் எப்படி 18 லட்சம் ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வியாபாரம் தலைக்கு மேல் போனதால்தான் 2025 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி போட்டு நிரந்தரமாகத் தங்க ஆள் எடுக்கும் முறை) கம்பெனி வேலை தருவதாகச் சொல்லும் கடிதத்துக்குக் கொடுத்துவந்த கூடுதல் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். ஏஜென்ட் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நம் ஊர்ச் சட்டத்திலும் இடம் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும், ஈ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படிப் பதிவு செய்தவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. "நான் ஏஜென்ட் இல்லை, குடியேற்ற ஆலோசகர்" என்று சொன்னால் அதற்கும் கனடாவில் சிஐசிசி என்று லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு இருக்கிறது. லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள்.

இவ்வளவு காரமாக எழுதுவதற்குக் காரணம், நானும் கொடுத்தவன். 2007இல் சிங்கப்பூரில் இருந்தபோது ஓர் ஏஜென்டுக்கு 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். இங்கே ஆல்பர்டா மாகாணத்தில் எட்மன்டன் வந்து மூன்று மாதம் கழித்து சாப்பாட்டு மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ் வெல்டர் சொல்லித்தான் தெரிந்தது, எங்களைக் கொண்டுவருவதற்குக் கம்பெனியும் அதே ஆளுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறது என்று. ஒரே கோழியை இரண்டு பேரிடம் விற்றிருக்கிறான். அந்த 6,000 வெள்ளி என் தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்தது. இன்றைக்கும் அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது டிகிரி. வெல்டருக்கு இங்கே யாரும் டிகிரி கேட்பதில்லை. என்னோடு வேலை செய்யும் கனடாக்காரர்களில் பலர் பன்னிரண்டாவது முடித்து அப்ரென்டிஸாகச் சேர்ந்தவர்கள்தான், யாரும் அதற்காகக் குறுகிப்போவதில்லை. கேட்பது இரண்டே விஷயம். வேலை செய்தேன் என்பதற்குக் காகிதம் எங்கே? வெல்டிங் ராடைக் கையில் கொடுத்தால் போட்டுக் காட்டுவாயா? நம் ஆட்கள் இரண்டாவதில் தேறிவிடுவார்கள், முதலாவதில்தான் தடுக்கி விழுவார்கள். நான் இரண்டிலுமே விழுந்தேன்.

காகிதக் கதை இது. திருச்சி பக்கத்தில் துவாக்குடி சிட்கோ எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் 1994 முதல் 1999 வரை வேலை. பெல் (பிஹெச்இஎல்) கம்பெனிக்கு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் சம்பளம். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, வேலைக்குச் சேர்ந்த கடிதமும் கிடையாது. தொழிலை முழுக்க அங்கேதான் கற்றேன். அப்புறம் சிங்கப்பூரில் ஏழு வருடம், துவாஸில் கப்பல் பட்டறையில் பைப் வெல்டர். ஆனால் அந்தக் கம்பெனி கொடுத்த கடிதத்தில் என் வேலை என்ன தெரியுமா? "பொதுத் தொழிலாளி." பெர்மிட்டில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், கடிதத்திலும் அப்படியே இறக்கிவிட்டார்கள். தரை கூட்டுகிறவருக்கும் எக்ஸ்ரே வெல்டருக்கும் ஒரே பெயர். ஆல்பர்டாவில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது ஆபீசில் இருந்த அம்மாள் கடிதத்தைத் திருப்பித் தள்ளி, "இதில் வெல்டிங் என்ற வார்த்தையே இல்லையே" என்றார். சிங்கப்பூர் சூப்பர்வைசரைத் தேடிப்பிடித்து, என்ன பைப், என்ன முறை, வாரம் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்க நான்கு மாதம் ஆனது. துவாக்குடியின் ஐந்து வருடம் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒன்பது வருடம் என்கிறீர்களே, அதில் எத்தனை வருடம் காகிதத்தில் இருக்கிறது? வேலையை விடுவதற்கு முன்னால், முதலாளியோடு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கடிதம் வாங்குங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேலையின் பெயர், சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன செய்தீர்கள், கையெழுத்துப் போட்டவர் பெயரும் பதவியும் தொலைபேசியும் எல்லாம் இருக்க வேண்டும். "இவர் நல்ல பையன், ஒழுக்கமானவர்" என்ற கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேறு உபயோகம் இல்லை. பாய்லர் வேலை செய்திருந்தால் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) சான்றிதழ், ஏஎஸ்எம்இ (அமெரிக்கத் தரவிதி) வெல்டிங் டெஸ்ட் கொடுத்திருந்தால் அந்த ரெக்கார்டு, எதையும் விடாதீர்கள். ஏஎஸ்எம்இ தகுதி, அந்த முறையில் ஆறு மாதம் கை வைக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும், ஆகவே தொடர்ந்து செய்ததற்கான பதிவையும் கேளுங்கள். கம்பெனி தரத் தயங்கும், ஆள் போய்விடுவான் என்ற பயம். டீ வாங்கிக் கொடுத்தாவது நகல் எடுங்கள்.

டெஸ்டில் விழுந்த கதை இன்னும் மோசம். 2008 பிப்ரவரியில் வந்து இறங்கினேன், வெளியே மைனஸ் 30. ராத்திரி முழுக்கக் காரை மின்சார பிளக்கில் மாட்டி வைக்காவிட்டால் காலையில் என்ஜின் உயிர்க்காது என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். நிஸ்குவில் பட்டறை, எட்மன்டனுக்குத் தெற்கே, வரிசையாகப் பைப் கடைகள் இருக்கும் இடம். மூன்றாம் நாள் டெஸ்ட். ஆறு அங்குல பைப், கனமான சுவர், 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டியது, நம் பாஷையில் 6ஜி. எனக்குச் சிரிப்புதான் வந்தது, துவாஸில் இதைத் தூக்கத்தில் போடுவேன். ஃபோர்மேன் ராடு டப்பாவைக் கொடுத்தார். 6010. ரூட்டுக்கு, அதாவது பைப்பின் அடியில் முதலில் போடும் வரிக்கு, ஆர்கான் வாயு வெல்டிங் எங்கே என்றேன். "இன்றைக்கு இதுதான்" என்றார்.

ஏழு வருடம் ஆர்கான் ரூட் போட்டே பழகிய கை. 6010 பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டே இருக்கும், கை ஒரு நொடி நின்றால் ஓட்டை, ஒரு நொடி விரைந்தால் உள்ளே இறங்காது. மேல்பக்கம் எப்படியோ ஒப்பேற்றினேன். பைப்பின் அடிப்பக்கம், ஆறு மணி இருக்கும் இடத்தில், ரூட் உள்வாங்கிக்கொண்டது. துண்டு வெட்டி வளைத்தபோது பல்லைக் காட்டிவிட்டது. என் கண் முன்னால் அந்த வளைந்த துண்டைக் குப்பை டிரம்மில் போட்டார். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழித்துப்போட்ட பைப் துண்டுகளில் பழகினேன். அதே பிலிப்பைன்ஸ்காரர்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்: கண்ணால் பார்க்காதே, காதால் கேள். ராடு சரியாக இறங்கினால் சத்தம் பைப்புக்கு வெளியே வராது, உள்ளே போய் ஊதல் மாதிரிக் கேட்கும். சின்னதாகச் சாவித் துவாரம் திறக்கும், அதை விட்டுவிடாமல் கையைச் சுண்டிச் சுண்டி நகர்த்து. நான்காம் நாள் அந்தச் சத்தம் கேட்டது. மறு டெஸ்டில் தேறினேன். நம் ஆட்களில் ஒருவர் அதே கடையில் இருந்தார், வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

நீங்கள் எந்த மாகாணத்துக்கு வருகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்பர்டாவில் வெல்டிங் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டிய தொழில். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் அங்கே பெரும்பாலான ஸ்ட்ரக்சரல் (கட்டட இரும்பு வேலை) கடைகள் சிடபிள்யூபி டிக்கெட், அதாவது கனடா வெல்டிங் அமைப்பின் சான்றிதழ், கேட்கும். ரெட் சீல் என்ற தொழில் தேர்வு எழுதி 70 மதிப்பெண் வாங்கினால் நாடு முழுக்கச் செல்லும். கேள்விகள் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். எனக்குத் தொழில் தெரியும், கேள்வி புரியவில்லை. அவ்வளவு ஆங்கிலம் ஒரு வெல்டருக்கு எதற்கு என்று திட்டிக்கொண்டே ஆறு மாதம் படித்தேன்.

ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ் என்று 2013இல் ஒரு வழி வந்தது. அதற்குப் படிப்பே நிபந்தனை இல்லை. கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட முழுநேர அனுபவம் போதும், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேசவும் கேட்கவும் 5, எழுத 4, படிக்க 3.5. இதைப் பார்த்து எல்லோரும் துள்ளுவார்கள். அடுத்த வரியைப் படிக்க மாட்டார்கள்: ஒரு வருடத்துக்கு வேலை தருவதாகக் கனடாக் கம்பெனியின் கடிதமோ, ஒரு மாகாணத்தின் தகுதிச் சான்றிதழோ வேண்டும். அந்தச் சான்றிதழை ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. ஏஜென்டுகள் இந்த இடைவெளியில்தான் கடை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. "ஒரு டிப்ளமோ சர்டிபிகேட் ஏற்பாடு செய்துவிடலாம்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். பொய்க் காகிதம் பிடிபட்டால் ஐந்து வருடம் கனடாப் பக்கம் தலை வைக்க முடியாது. இப்படி யோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏஜென்ட்கூட இல்லை, பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிச் செட்டிலான நம் ஆட்கள். பொங்கல் விழாவுக்குப் போனால் முதல் கேள்வி "நீங்க எந்த காலேஜ்?" ஐடிஐ என்றதும் பேச்சு பொங்கல் பானைக்குப் போய்விடும். அதே ஆளின் வீட்டில் பின்பக்கப் படிக்கட்டுக் கம்பி விட்டுப்போனால் மட்டும் என் நம்பர் ஞாபகம் வரும். போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். காசு வாங்குவேன்.

எல்லோரும் அப்படி இல்லை. 2008 ஜூலையில் 147 டாலர் விற்ற கச்சா எண்ணெய் டிசம்பரில் 40க்குக் கீழே விழுந்தது, ஜனவரியில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் பெர்மிட் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும். வேறு இடத்தில் கை வைத்தால் சட்டவிரோதம். அப்போது யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், அவரும் ஒரு காலத்தில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி ஆரம்பித்தவர், தன் வீட்டு பேஸ்மென்டில் ஐந்து மாதம் தங்க வைத்தார். வாடகை என்று நீட்டினால், "உதை வையும், பிறகு பாப்பம்" என்பார், அதை நீயே வைத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். எனக்குப் புதுப் பெர்மிட் எடுத்துக் கொடுத்த பட்டறையும் அவர் காட்டியதுதான்.

துவாக்குடிக்கு 2010இல் போனேன், அந்த ஐந்து வருடத்துக்கு ஒரு கடிதமாவது வாங்கிவிடலாம் என்று. பட்டறை பூட்டிக் கிடந்தது, தகரக் கூரையில் பாதி இல்லை. முதலாளி வீட்டில் இருந்தார், கண் பார்வை போய்விட்டது. என் குரலைக் கேட்டே பெயர் சொன்னார். கடிதம் என்றதும் மகளைக் கூப்பிட்டு ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னார். நான்கைந்து நோட்டு இருந்தது, ஆயுத பூஜைப் பொட்டு வைத்த அட்டை. ஒவ்வொன்றாகப் புரட்டினோம். டிரில் பிட் வாங்கியது, காஸ் சிலிண்டர் வந்தது, ராடு எத்தனை கட்டு எல்லாம் இருந்தது. எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. "உங்களை எழுத வேண்டும் என்று தோணலைய்யா, தினம் வந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றார்.

பி.எஃப். இருக்கிறது என்றால் இன்றைக்கே பாஸ்புக்கை இறக்கிப் பாருங்கள். ஒன்பதில் எத்தனை வருடம் அதில் வருகிறது என்று எழுதுங்கள்.