மின்தடைக்கு இழப்பீடு: தொகை யாருக்கு உறைக்க வேண்டும்?

கேள்வி: கரன்ட் போனால் விநியோக நிறுவனம் நுகர்வோருக்குப் பணம் தர வேண்டும் என்று வெளிநாடுகளில் விதி இருக்கிறதாமே? அதனால் மின்தடை குறையுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: குறையும், தொகை போதுமானதாக இருந்தால். யூனிட்டை 6 ரூபாய்க்கு வாங்கி 4 ரூபாய் மட்டும் வசூலிக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளை நின்றால் யூனிட்டுக்கு 2 ரூபாய் நஷ்டத்திலிருந்து அது தப்பிவிடும். வளரும் நாடுகள் பலவற்றில் சிக்கலே இதுதான். இழப்பீடு அந்த 2 ரூபாயைத் தாண்டினால்தான் ஃபீடரை (சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு பகுதிக்கு வரும் மின்பாதையை) சீக்கிரம் சரிசெய்ய அவசரம் வரும். கொடுத்த தொகையை அடுத்த கட்டண உயர்வில் நம் தலையிலேயே கட்டவும் ஒழுங்குமுறை ஆணையம் விடக்கூடாது.

நைஜீரியாவில் கட்டணத்தையே மின்சாரம் வரும் மணிக்கணக்கோடு கட்டிவிட்டார்கள். 2020 முதல் ஃபீடர்கள் ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து பிரிவு. ஏ பிரிவுக்குத் தினம் குறைந்தது 20 மணி நேரம், இ பிரிவுக்கு 4. 2024 ஏப்ரலில் ஏ பிரிவுக்கு யூனிட் 225 நைரா ஆனது. தொடர்ந்து ஏழு நாள் தவறினால் அந்த ஃபீடர் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், வருமானமும் இறங்கும். ஆனால் இருக்கிற மின்சாரத்தை ஏ பிரிவுக்கே திருப்பிவிடும் ஆசையும் இதிலேயே இருக்கிறது. எங்களுக்குப் பிடித்தது பிரேசில் முறை: யாரும் கேட்காமலே இழப்பீடு பில்லில் கழிந்துவிடும்.

எதைச் செய்தாலும் மின்தடையைச் சரியாக அளக்க வேண்டும். 4,000 இணைப்பில் 500 இணைப்புக்கு 90 நிமிடம் தடை என்றால், ஓர் இணைப்புக்குச் சராசரி 500 × 90 ÷ 4,000 = 11.25 நிமிடம். இதை சப்ஸ்டேஷனின் 11 கேவி பிரேக்கரில் (ஃபீடரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சில்) மட்டும் பார்த்தால் பல தடைகள் தெரியாது. மழையில் தெருமுனை பில்லர் பாக்ஸில் ஒரு ஃபேஸ் ஃப்யூஸ் போனால் பிரேக்கர் ட்ரிப் ஆகாது. ஏட்டில் ‘சப்ளை உண்டு’. வோல்டேஜ் 230-லிருந்து 170-க்கு இறங்கி ஏசி கம்ப்ரசர் திணறினாலும் அப்படியே. கானாவின் அக்ராவில் 2018 முதல் வீடு, கடைகளின் பிளக் பாயின்ட்டிலேயே சென்சார் செருகி அளந்தது இதற்காகத்தான்.

கேள்வி: இங்கே நாம் கேட்க முடியுமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: முடியும். 2003 மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. முதலில் மீட்டருக்கு இந்தப் பக்கம் எம்சிபி, மெயின் ஸ்விட்ச்சைப் பாருங்கள். கோளாறு அங்கே என்றால் இழப்பீடு கிடையாது. பிறகு மின்னகம் 94987 94987-ல் புகார் சொல்லி, புகார் எண், கரன்ட் போன நேரம், வந்த நேரம், எந்த ஃபேஸ் என்பதைக் குறித்துவையுங்கள். இழப்பீடு வராவிட்டால் மின் இணைப்பு எண்ணோடு உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். அங்கும் சரிவராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.