பெண்டே மக்களின் முகமூடிகளுக்குச் சடங்குகளில் என்ன பங்கு?

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்மேற்கில், குவிலு, கசாய் ஆறுகளை ஒட்டிய பகுதிகளில் வாழும் பெண்டே மக்களுக்கு, முகமூடி என்பது செதுக்கிய மரமுகம் மட்டுமன்று. உடையும் தாளமும் ஆட்டமும் சேர்ந்தால்தான் அது நிறைவு பெறும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் நாம் காண்பது அதன் ஒரு துண்டே.

ராஃபியா என்ற பனைவகையின் நாரால் பின்னப்பட்ட 'மிங்கஞ்சி' முகமூடிகள், சிறுவர்களை ஆண்களின் உலகில் சேர்க்கும் 'முகண்டா' எனும் விருத்தசேதனச் சடங்கோடு தொடர்புடையவை. மரத்தில் செதுக்கப்படும் 'ம்புயா' முகமூடிகளோ தலைவர், குறிசொல்பவர், இளம்பெண் முதலிய மாந்தரை ஊர்ப்பொதுவில் ஆடிக் காட்டுபவை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடுவர்.

இவற்றுள் என்னை மிகவும் உலுக்குவது 'ம்பங்கு'. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகப் பிளவுபட்டு, மூக்கும் வாயும் ஒருபுறம் கோணிய அந்த முகம், சூனியத்தாலும் நோயாலும் தாக்குண்ட மனிதனைக் குறிக்கிறது. ஆடுபவர் கூன்முதுகோடு தள்ளாடியே வருவார். நோயுற்றவரை இகழாதே, அந்த நிலை எவருக்கும் வரலாம் என்பதே அந்த ஆட்டத்தின் பொருள்.

கிழக்குப் பெண்டே மக்களிடம் தலை முழுவதையும் மூடும் 'கிபோகோ' உண்டு. அது தலைவரின் அதிகாரத்துக்கும் ஊரின் நலத்துக்கும் அடையாளம். முகமூடிகளின் சிற்றுருவங்களைத் தந்தத்தில் செதுக்கி, 'இகோகோ' என்ற பதக்கமாகக் கழுத்தில் அணியும் வழக்கமும் இருந்தது.