‘மெம்பரேன் போய்விட்டது’ என்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினோம். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு இந்த ஆண்டு 5,500 ரூபாய் கட்டினேன். எட்டு மாதத்தில் மூன்று முறை ஆள் வந்து எதையோ மாற்றி, தனியாகவும் பணம் வாங்கிப் போனார். இப்போது கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. போன வாரம் வேறொருவர், கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி வந்தார். இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரில் மீட்டரை வைத்து 190 என்று காட்டி, மெம்பரேன் போய்விட்டது, 4,800 ரூபாய் ஆகும் என்றார். சமையலறைக் குழாய்த் தண்ணீரில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் துருப்பிடித்த நிறமாகிவிட்டது. அதைப் பார்த்த என் பேரன் குழாய்த் தண்ணீரைத் தொடவே பயப்படுகிறான். பக்கத்து வீட்டு அம்மா இருபது வருடமாகத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து மண்பானையில் ஊற்றித்தான் குடிக்கிறார். எனக்கும் அதற்கே திரும்ப ஆசை. மெம்பரேனை மாற்றுவதா, பானைக்குப் போவதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை)

பதில்: அம்மா, அந்த 4,800 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். மெம்பரேன், அதாவது இயந்திரத்துக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வு, போயிருக்கிறதா இல்லையா என்பதை அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம். அதற்கு முன் பேரனின் பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

தண்ணீர் துரு நிறமானது தண்ணீரில் இருந்த அழுக்கால் அல்ல. கருவியிலிருந்து டம்ளருக்குள் இறங்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாகப் பிரிந்து வரும். நீங்கள் பார்த்த நிறம் அவர் கொண்டுவந்த கம்பியின் நிறம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை யாராவது இந்தக் கருவியோடு வந்தால், அவர் ‘சுத்தம்’ என்று காட்டும் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரும் அதே நிறமாக மாறுவதை அவன் கண்ணால் பார்க்கட்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், இந்த வித்தையைப் பார்த்துவிட்டு அழாத குறையாக பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்த எத்தனையோ தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் தண்ணீரில் ஒரு குறையும் இருக்காது. ஒரு குடும்பத்தை அதன் சொந்தக் குழாயைக் கண்டு நடுங்க வைத்து வியாபாரம் செய்வதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி மீட்டர். அது காட்டுவது டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு. அதில் கிருமி தெரியாது. சாக்கடை கசிந்த தண்ணீரும் 150 காட்டலாம். நல்ல கிணற்றுத் தண்ணீரும் 600 காட்டலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆகவே 190 என்ற எண் குடிப்பவருக்கு எந்தக் கெடுதலும் சொல்லவில்லை. 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. இதை உங்கள் வாசலுக்கு வந்த விற்பனையாளர் எவராவது சொன்னாரா? ஆணைகள் தில்லியில் பிறந்து தில்லியிலேயே கோப்புக்குள் படுத்துவிடுகின்றன. ஒரு லிட்டர் எடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் இயந்திரம், மலைத் தண்ணீர் வரும் ஊரிலும் வீட்டுக்கு வீடு தொங்குகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. சிறுவாணித் தண்ணீரின் டிடிஎஸ் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. அதில் கம்பியை இறக்கினால் இவ்வளவு அடர்த்தியாக நிறம் மாறாது. உள்ளே போகும் தண்ணீரே நூறுக்குக் கீழே என்றால், வெளியே வருவது 190 ஆகவும் முடியாது. அப்படியானால் உங்கள் இயந்திரத்துக்குள் போவது வெறும் சிறுவாணித் தண்ணீர் அல்ல. கோவையில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டாகச் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் வீட்டில் இரண்டும் எங்கோ ஒன்றாகச் சேர்கின்றன என்று சந்தேகிக்கிறேன். தரைக்கடியில் ஒரே தொட்டி, மாடியில் ஒரே தொட்டி, நல்ல தண்ணீர் வராத நாட்களில் போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்புவது என்ற ஏற்பாடு இருந்தால் இதுதான் நடக்கும்.

இதை உறுதிசெய்ய டிடிஎஸ் மீட்டர் ஒன்றை நீங்களே வாங்குங்கள்; சில நூறு ரூபாய்தான். நல்ல தண்ணீர் வரும் நாளில், வாசலில் தெருக் குழாயிலிருந்து நேரே வரும் இணைப்பில் ஒரு டம்ளர் பிடியுங்கள். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர். இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியில் இருப்பதை முழுக்க வடித்துவிட்டு, புதிதாக வடிகட்டி வருவதில் ஒரு டம்ளர். மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வாசலில் 50, சமையலறையிலும் 50 என்றால் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை, மெம்பரேன் பேச்சையே விட்டுவிடலாம். சமையலறையில் 1,200, இயந்திரத்திலிருந்து 190 என்றால் மெம்பரேன் நூற்றுக்கு எண்பத்து நான்கு பங்கு உப்பைத் தடுத்துக்கொண்டிருக்கிறது; இன்னும் கொஞ்ச காலம் ஓடும். சமையலறையில் 300, இயந்திரத்திலிருந்து 190 என்றால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் உடனே மாற்றிவிடாதீர்கள். பல இயந்திரங்களின் உள்ளே சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் சிறிய திருகு ஒன்று உண்டு. அதைச் சற்றே திறந்துவிட்டு மீட்டரை வைத்தால் எண் தானாக ஏறும். ‘பாருங்கள், போய்விட்டது’ என்று சொல்ல அது போதும். திருகை மூடிவிட்டு, தொட்டியை வடித்து, மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உள்ளே போகும் தண்ணீரை அளக்காமல் வெளியே வருவதை மட்டும் காட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கலப்பு உறுதியானால் என்ன செய்வது? நல்ல தண்ணீருக்கென்று இருநூறு லிட்டர் அளவில் தனியாக ஒரு தொட்டி வைத்து, வாசல் இணைப்பிலிருந்து அதற்கு ஒரு குழாய், அதிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய் போட்டுவிடுங்கள். சொந்த வீட்டில் நல்ல பிளம்பருக்கு இது ஒருநாள் வேலை. பழைய கோவை வீடுகளில் நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் இப்படிப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். நடுவில் வசதிக்காக எல்லாவற்றையும் ஒரே தொட்டிக்குள் விட்டோம். பிறகு கலந்ததைப் பிரிக்க ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டுகிறோம்.

பிரிக்கவே வழியில்லாத நிலை ஒன்று உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலைப் படித்துவிட்டு யாராவது இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே தரைத்தொட்டி; அதில் மாநகராட்சித் தண்ணீர், போர்வெல் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் என்று மூன்றும் விழும். லாரி எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று ஓட்டுநருக்கே சில நாள் தெரியாது. அங்கே டிடிஎஸ் திங்கட்கிழமை 300, வெள்ளிக்கிழமை 1,400 என்று குதிக்கும். அந்த வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான். உப்பு அதிகமானால் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்வதும் உண்மைதான். சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டு உழைப்பது அங்கே ஓராண்டில் ஓய்ந்துபோகலாம். அப்படிப்பட்ட வீட்டில் பராமரிப்பவர் மாற்றச் சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். அங்கும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற இரண்டு எண்களும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கும் இடங்களிலும் ஆர்.ஓ.வைக் கழற்றக் கூடாது. ஃபுளோரைடு இந்த மீட்டரில் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். உங்கள் போர்வெல் தண்ணீரையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கிருமிக்குத்தான். நமக்குத் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. சில நாளுக்கு ஒருமுறை திறந்துவிடுகிறார்கள். நடுவில் குழாய் காலியாகக் கிடக்கும்போது, விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக வருகிறது. அதைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் விடுபவர் சிறு பெட்டியோடு வந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார், நீங்களும் பார்த்திருக்கலாம். அந்த முடிவை அந்தத் தெருவின் கம்பத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன? நாள்தோறும் எடுக்கும் அளவு பதிவேட்டுக்குள் போகிறது. குடிக்கிறவருக்குச் சொல்ல ஆளில்லை. தன் தண்ணீரைப் பற்றி மாநகராட்சி வாய்மூடி இருக்கும் வரை, கம்பியோடு வருகிறவர் சொல்வதைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

கிருமிக்குக் காய்ச்சுவதே போதும். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்; கால் மணி நேரம் கொதிக்கவிட்டு எரிவாயுவை வீணாக்க வேண்டாம். காய்ச்ச முடியாத வீட்டுக்கு, கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு மட்டும் உள்ள இயந்திரம் போதும். கடைக்காரர் அதைக் காட்டமாட்டார், வற்புறுத்திக் கேளுங்கள்.

உங்களிடம் வாங்கிய பணத்துக்கு வருவோம். ஒப்பந்தத் தாளை எடுத்து எந்தெந்தப் பாகங்கள் அடக்கம் என்று பாருங்கள். பெரும்பாலும் வடிகட்டி அடக்கம், மெம்பரேனும் பம்பும் அடக்கமில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். அடக்கமான பாகத்துக்குப் பணம் வாங்கியிருந்தால் ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இனி எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். புதிய பாகத்தின் மேல் அழியாத மையால் தேதியைப் போட்டு உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். கழற்றிய பாகத்தைக் கழுவி அடுத்த வீட்டில் புதிது என்று மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் வந்தவர் கம்பெனி ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கூப்பிடாமல் வருகிறவரை உள்ளே விடாதீர்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் சேவை எண்ணையும் நம்பாதீர்கள். அவற்றில் பல போலி. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண், அல்லது வாங்கியபோது கொடுத்த புத்தகத்தில் உள்ள எண் மட்டும்தான். போனில் ஓடிபி கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அதைவிட நல்லது உங்கள் தெருவிலேயே கடை வைத்திருப்பவர். நாளைக்கும் அதே தெருவில் உங்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள், நல்ல ஆள் யார் என்று தெரிந்திருப்பார். விடியற்காலையில் நல்ல தண்ணீர் வரும் நாளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசும் அந்த நேரத்தில் கிடைக்காத செய்தியே இல்லை. சிறுவாணித் தண்ணீரில் போட்ட முதல் டிகாக்ஷனின் மணமும் அப்போதுதான் எழும். இயந்திரம் வந்த பிறகு அந்த வாசலுக்கு நீங்கள் எத்தனை நாள் போனீர்கள்?

பானைக்குத் தாராளமாகத் திரும்புங்கள். வாசல் குழாயில் பிடித்த நல்ல தண்ணீரைக் காய்ச்சி, மூடி வைத்து, ஆறிய பின் ஊற்றுங்கள். புதுப் பானையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சோப்பு போடக் கூடாது, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காய வைத்தால் போதும். டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொள்ளும் பழக்கம்தான் காய்ச்சிய பலனைக் கெடுக்கிறது. அடியில் குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்குங்கள். பேரனே திறந்து பிடித்துக் குடிக்கலாம்.