ரெண்டு வட்டி எத்தனை சதவீதம்? பள்ளிப் பொருளியல் கேள்வி பதில்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் நாட்களில் அவசரமாக ஓட்டப்படுவது பொருளியல். முப்பது ஆண்டு அந்த வகுப்பை எடுத்து ஓய்வு பெற்றவள் நான். நானும் வரலாறு படித்தவள்தான். முதல் பத்து ஆண்டுகள் நானும் அப்படித்தான் ஓட்டினேன். இங்கே கேட்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். ஒரு தாயும் ஒரு மாணவியும் உண்டு.

டீச்சர், ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது நாட்டுக்குள் ஓராண்டில் உருவான இறுதிப் பண்டங்கள், சேவைகளின் மொத்த மதிப்பு’ என்ற வரையறையைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ‘இறுதிப் பண்டங்கள்’ என்று ஏன் வருகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கும் சரியாக விளக்க வரவில்லை. (பட்டதாரி ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி)

வரையறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு பிள்ளைகளை முன்னால் நிற்க வையுங்கள். ஒருவர் பருத்தி விவசாயி, அடுத்தவர் நூற்பாலை, மூன்றாமவர் துணி நெய்பவர், நான்காமவர் திருப்பூரில் பனியன் தைப்பவர். கையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு: பருத்தி 40 ரூபாய், நூல் 70, துணி 110, பனியன் 200. இப்போது நாடு எவ்வளவுக்கு உற்பத்தி செய்தது என்று வகுப்பைக் கேளுங்கள். எல்லாரும் கூட்டி 420 என்பார்கள்.

‘சரி, அந்தப் பனியனுக்குள்ளே பருத்தி இல்லையா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் ‘மிஸ், பருத்தியை நாலு தடவை எண்ணிட்டோம்’ என்பான். பாடம் அங்கே முடிந்தது. இறுதிப் பண்டம் 200 ரூபாய் மட்டும்தான். அப்புறம் ஒவ்வொருவரும் சேர்த்த மதிப்பைக் கேளுங்கள்: 40, 30, 40, 90. அதுவும் 200 வரும். அந்த 200 வரும் நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே இந்த வகுப்பை எடுக்கலாம்.

‘அம்மா வீட்டில் சமைப்பது இந்தக் கணக்கில் வராதா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். வராது என்றதும் அவளுக்குக் கோபம். மகளிர் உரிமைத் தொகை வருமா என்று இன்னொருத்தி கேட்டாள். இரண்டுக்கும் எப்படிப் பதில் சொல்வது? (சமூக அறிவியல் ஆசிரியர்)

கோபப்பட்டவளைத் தட்டிக்கொடுங்கள், சார். உணவகத்தில் வாங்கும் இட்லி கணக்கில் வரும், அம்மா அவிக்கும் இட்லி வராது. சந்தையில் விலை போட்டு விற்காததால் விட்டுவிடுகிறார்கள். அந்த வேலைக்கு மதிப்பில்லை என்பதால் அல்ல. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் நீங்கள் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை, பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

2023 செப்டம்பரில் தொடங்கிய 1,000 ரூபாய் உரிமைத் தொகை ஒரு மாற்றுத்தொகை, அதாவது அரசு கைமாற்றித் தரும் பணம். அந்த மாதம் புதிதாக ஒரு பொருளோ சேவையோ உற்பத்தியாகி அதற்குக் கொடுத்த விலை அல்ல, அதனால் நேரடியாக வராது. அந்தப் பணத்தில் சோப்பும் செருப்பும் வாங்கினால், அவை வரும்.

வீட்டு வரவு செலவை எழுதி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நல்ல செயல்பாடுதானே, டீச்சர்? (புதிதாகப் பணியில் சேர்ந்தவர்)

வேண்டாம். நான் செய்து பட்டிருக்கிறேன். ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்தேன். ஒரு பையன் வரவு பக்கத்தில் எதுவுமே எழுதாமல் கொண்டுவந்தான். ‘ஏன்டா?’ என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அப்பா மூன்று மாதமாக வேலை இல்லாமல் இருந்தது எனக்குத் தெரியாது. அவன் பிறகு என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அன்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தது பொருளியல் இல்லை.

கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுங்கள். மாத வருமானம் 18,000, வீட்டில் ஐந்து பேர். குழுக்குழுவாகத் திட்டம் போடட்டும். பாதியில் ஒரு சீட்டு கொடுங்கள்: ‘பாட்டிக்குக் காய்ச்சல், 2,500 செலவு.’ இன்னொரு குழுவுக்கு, ‘மாமா வீட்டுக் காதுகுத்து, மொய் செய்ய வேண்டும்.’ மொய்யைக் குறைக்கலாமா என்று ஒரு சண்டை வரும் பாருங்கள். அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று மொய் நோட்டைப் பார்க்க வேண்டும் என்பாள் ஒரு பெண். மொய் என்பது வட்டியில்லாத கடன் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதே மாதிரி உணவுப் பாதுகாப்புப் பாடத்தில், ‘யார் வீட்டில் ரேஷன் அரிசி சமைக்கிறீர்கள், கை தூக்குங்கள்’ என்று கேட்காதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ‘பணம் மற்றும் கடன்’ பாடம் வெறும் கதையாகப் போகிறது. கணக்கு எதுவும் சேர்க்கலாமா? (ஆசிரியை, அரசு உதவி பெறும் பள்ளி)

சேர்த்தே ஆக வேண்டும். பிள்ளைகளிடம் வட்டி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசும். அவர்கள் காதில் விழுவது ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’. இந்த இரண்டு மொழிக்கும் நடுவே பாலம் போடுவதுதான் நம் வேலை. ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36. பத்து வட்டி 120. வங்கி நகைக்கடனில் ஆண்டு வட்டியாகச் சொல்லும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். ‘ரெண்டுதானே, வங்கியில் அதைவிட ஜாஸ்தி கேட்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொள்ளும்.

பத்தாம் வகுப்பாக இருந்தால் தண்டலையும் போடச் சொல்லுவேன். 10,000 ரூபாய் கடன். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாக 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகக் கடன் வாங்கியவர் கையில் இருக்கும் கடன் 8,500-ல் பாதி, அதாவது 4,250 அளவுதான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால் ஏறக்குறைய 35 சதவீதம். ஆண்டுக்குப் பெருக்கினால் 125-ஐத் தாண்டுகிறது. இது தோராயக் கணக்கு, ஆனால் பள்ளிக்குப் போதும். காய்கறி வண்டி வைத்திருக்கும் ஒருவரின் மகள் இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குக் காட்டினாள்.

அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். இருந்தும் ஏன் இந்தக் கடனை வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். காலை நாலு மணிக்குச் சரக்கு எடுக்கப் பணம் வேண்டும், அந்த நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கும்?

கையிலிருக்கும் புத்தகத்தில் ஜிஎஸ்டி 5, 12, 18, 28 என்று இருக்கிறது. இப்போது மாறிவிட்டதே, எதைச் சொல்லித் தருவது?

2025 செப்டம்பர் 22 முதல் முக்கியமாக 5, 18 என்ற இரண்டு விகிதங்கள்தான்; சில ஆடம்பரப் பொருட்களுக்கும் உடலைக் கெடுக்கும் பொருட்களுக்கும் 40. இரண்டையும் சொல்லுங்கள். தேர்வுக்குப் புத்தகம், பக்கத்து ஓரத்தில் பென்சிலால் புதியது.

அதைவிட முக்கியம், வீட்டிலிருந்து பில் கொண்டுவரச் சொல்வது. பிஸ்கட் அன்றுதான் 18-லிருந்து 5-க்கு வந்தது. நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லாமல் போனது. பழைய பில்லும் புதிய பில்லும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று இரண்டு வரி இருப்பதைப் பார்த்து, கடைக்காரர் இரண்டு தடவை பிடிக்கிறார் என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஒரே 5 சதவீதம் இரண்டு அரசுக்கும் பிரிகிறது என்று அப்போது சொன்னால் மறக்காது. பெட்ரோல் பில்லில் ஜிஎஸ்டியைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது; பெட்ரோல் அதற்கு வெளியே இருக்கிறது.

‘எங்க அப்பா வரி கட்டுறதில்ல’ என்று பெருமையாகச் சொல்லும் பையனிடம் அந்த பிஸ்கட் பில்லை நீட்டுங்கள்.

மிஸ், தக்காளி ஒரு மாசம் நூறு ரூபாய், இன்னொரு மாசம் ரோட்டில கொட்டுறாங்க. விலையை யார் முடிவு பண்றாங்க? (பத்தாம் வகுப்பு மாணவி)

யாருமே உட்கார்ந்து முடிவு பண்ணுவதில்லை, கண்ணு. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது, ஞாபகம் இருக்கா? மழையும் வெயிலும் கெடுத்து வரத்து குறைந்தது. விலையைப் பார்த்த விவசாயிகள் நிறையப் பேர் ஒரே நேரத்தில் தக்காளி நட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் சேர்ந்து சந்தைக்கு வந்தது, விலை விழுந்தது. தக்காளியை மூட்டை கட்டி வைக்க முடியாது. விலை பாதியாகிவிட்டது என்று நாமும் இரண்டு மடங்கு ரசம் குடிப்பதில்லை. அறுப்புக் கூலியும் வண்டி வாடகையும் கூடக் கிடைக்காதபோது கொட்டுகிறார்கள். நெல்லும் ஏன் இப்படி ஆடுவதில்லை என்று யோசித்து எழுதிக் கொண்டு வா.

என் மகன் ஒன்பதாவது. பள்ளியில் பங்குச் சந்தை சொல்லித் தரச் சொல்லிக் கேட்கலாமா, டீச்சர்?

முதலில் கூட்டு வட்டி வரட்டும், அம்மா.

பத்து ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மறுக்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இதை வகுப்பில் எடுக்கலாமா?

தாராளமாக. இதைவிட நல்ல தொடக்கம் ‘பணம்’ பாடத்துக்குக் கிடைக்காது. எல்லா வடிவப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் 14 வடிவங்களைப் பட்டியலிட்டே சொல்லிவிட்டது. சட்டப்படி 1,000 ரூபாய் வரை நாணயமாகவே கொடுக்கலாம். அப்படியும் அடுத்தவர் வாங்கமாட்டார் என்று பயந்து கடைக்காரர் வாங்குவதில்லை. சட்டம் செல்லும் என்கிறது, தெரு செல்லாது என்கிறது. அப்படியானால் அந்தத் தெருவில் அது பணமா இல்லையா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். மணி அடிக்கும் வரை அவர்களே பேசுவார்கள்.