நிறுவனத்தின் தரவுத்தளத்தை இணையத்தோடு இணைப்பது என்றால் என்ன?

சரக்கு இருப்பு, ஆர்டர் நிலை போன்ற விவரங்களை வெளியில் இருப்பவர் பிரவுசரிலேயே பார்க்க வழி செய்வதுதான் இது. ஆனால் பிரவுசர் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசாது. நடுவில் சர்வரில் ஒரு நிரல் இருக்கும். வங்கி கவுன்டர் மாதிரி: பணம் எடுக்க வந்தவர் பெட்டக அறைக்குள் போவதில்லை, காசாளர்தான் சரிபார்த்து எடுத்துத் தருகிறார்.

ஏன் இந்தச் சுற்று? மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் வாசலை, இணையத்துக்குத் திறந்துவிட்டால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் வந்து முட்டத் தொடங்கிவிடும். நடு நிரலுக்கும் தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் அனுமதி போதும். பயனர் தட்டச்சு செய்ததை, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல் வரியோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், எச்டிடிபிஎஸ் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) போட்டாலே தரவுத்தளம் பத்திரம் என்பது தவறு. அது வழியில் போகும் தகவலைத்தான் காக்கும். உள்ளே வரும் தவறான கோரிக்கையைத் தடுக்காது.